கோழிக்கோட்டில் ஓர் ஆசிய இறுதிப் போட்டி

களம் கண்ட பெண்கள் – 7

கிழக்குத் தாம்பரம் ரயில்வே கிரவுண்டுக்குக் காலை ஐந்தே முக்காலுக்கெல்லாம் போய்விட வேண்டும். ஆறரைக்கு மேல் கிரிக்கெட் பையன்கள் வந்து ஸ்டம்ப் நட ஆரம்பித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு நடு மைதானம் அவர்களுடையது. அந்த முக்கால் மணி நேரத்துக்காகச் சேலையூர், கேம்ப் ரோடு, பெருங்களத்தூர் பக்கமிருந்து பத்துப் பன்னிரண்டு பெண் பிள்ளைகள் வருகிறார்கள். சிலர் அப்பாவின் பைக்கில், சிலர் ஷேர் ஆட்டோவில், ஒருத்தி அண்ணனின் சைக்கிளில்.

போன மாதம் ஒரு நாள் என் நடையை நிறுத்திவிட்டு ஓரமாக உட்கார்ந்து அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு பெண் பூட் மாட்டிக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் வகுப்புப் படிப்பவளாக இருக்கலாம். பையிலிருந்து இரண்டு அட்டைத் துண்டுகளை எடுத்தாள். ஏதோ பார்சல் வந்த பெட்டியிலிருந்து முழங்காலுக்குக் கீழே உள்ள அளவுக்கு வெட்டியவை. ஓரம் காலைக் கிழிக்காமல் இருக்கச் செலோ டேப் சுற்றியிருந்தாள். இரண்டையும் சாக்ஸுக்குள் செருகி, மேலே கையால் இரண்டு தட்டு தட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"இது எதுக்கும்மா?"

"ஷின் கார்டு சார். பிராக்டீஸுக்கு இது போதும். மேட்சுக்கு மட்டும்தான் ஒரிஜினல். டீமுக்கே நாலு செட்தான் இருக்கு."

"உங்க ஸ்கூல்ல பொண்ணுங்களுக்கு ரொம்ப நாளா டீம் இருக்கா?"

"இல்ல சார், நாங்கதான் ஃபர்ஸ்ட் பேட்ச். எங்களுக்கு முன்னாடி பொண்ணுங்க யாரும் ஆடல."

சொல்லிவிட்டு ஓடிவிட்டாள். பெருமையாகத்தான் சொன்னாள். அவள் பள்ளியைப் பொறுத்தவரை அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் கடைசியாகச் சொன்னதை மட்டும் கேட்டுக்கொண்டு என்னால் எழுந்து வர முடியவில்லை. இந்தத் தொடருக்காக நான் படித்த அத்தனை ஊர்க் கதைகளிலும், அத்தனை காலத்திலும், கால்பந்தைத் தொட்ட ஒவ்வொரு தலைமுறைப் பெண்ணும் இதையேதான் நம்பியிருக்கிறாள். தனக்கு முன்னால் யாரும் இல்லை என்று. அப்படி நம்பும்படி வைக்கப்பட்டிருக்கிறாள்.

அந்தப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய பதில்தான் இந்த வார அத்தியாயம்.

*

சென்ற வாரம் 1921 டிசம்பர் 5 அன்று நிறுத்தியிருந்தோம். பெண்கள் ஆடும் ஆட்டத்துக்குத் தன் கிளப்புகள் எதுவும் மைதானம் தரக்கூடாது என்று இங்கிலாந்துக் கால்பந்து சங்கம் தீர்மானம் போட்ட நாள் அது.

புதிதாகத் தொடரைப் படிப்பவர்களுக்காகச் சுருக்கமாக: 1881 மே மாதம் எடின்பரோவில் ஸ்காட்லாந்து, இங்கிலாந்து என்ற பெயர்களைச் சுமந்து பெண்கள் அணிகள் இரண்டு மோதின. ஸ்காட்லாந்து 3-0 என்று வென்றது. அடுத்த வாரமே கிளாஸ்கோவில் கூட்டம் மைதானத்துக்குள் புகுந்து, ஆடிய பெண்கள் குதிரை வண்டியில் ஏறித் தப்ப வேண்டியதாயிற்று. 1895இல் லண்டன் கிரௌச் எண்டில் நெட்டி ஹனிபால் திரட்டிய பெண்கள் கிளப் ஆடியபோது பத்தாயிரம் பேருக்கு மேல் பார்க்க வந்தார்கள். முதல் உலகப் போரில் ஆண்கள் போர்முனைக்குப் போக, குண்டு செய்யும் ஆலைகளுக்குப் பெண்கள் வந்தார்கள். பிரஸ்டன் நகரின் டிக், கெர் ஆலைப் பெண்கள் 1917 கிறிஸ்துமஸ் அன்று காயம்பட்ட சிப்பாய்களின் மருத்துவமனைக்காக நிதி திரட்ட ஆடினார்கள். 1920 வசந்தத்தில் பிரான்சிலிருந்து அலிஸ் மிலியா அழைத்து வந்த அணியுடன் மோதினார்கள். அதே ஆண்டு டிசம்பர் 26 அன்று லிவர்பூல் குடிசன் பார்க்கில் அவர்கள் ஆடிய ஆட்டத்தை 53,000 பேர் உள்ளே இருந்து பார்த்தார்கள். இடம் கிடைக்காமல் வெளியே நின்றவர்கள் பல ஆயிரம்.

அதற்குப் பதினோரு மாதம் கழித்துத் தடை வந்தது. பெண்கள் கால்பந்து ஆடவே கூடாது என்று அந்தத் தீர்மானம் சட்டம் போடவில்லை. மைதானத்தை மட்டும்தான் எடுத்துக்கொண்டது. அது போதும். கிரவுண்டு இல்லையென்றால் டிக்கெட் விற்க முடியாது. டிக்கெட் விற்காவிட்டால் ரயில் செலவுக்குப் பணம் இல்லை. ஊர் ஊராகப் போகாவிட்டால் பத்திரிகையில் செய்தி வராது. செய்தி வராத ஆட்டத்தை இருபது வருஷம் கழித்து யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். மைதானத்தில் தொடங்கியது நினைவில் போய் முடியும். அந்தத் தடை விலக ஐம்பது ஆண்டுகள் ஆயின.

இங்கிலாந்து மட்டுமில்லை. பிரேசில் 1941இல் அரசாணை போட்டே பெண்களைத் தடுத்தது. 1979 வரை அது நீடித்தது. மேற்கு ஜெர்மனி 1955இல் தடுத்து, 1970இல் விட்டது. உலகமே பந்தைக் கொண்டாடிய காலத்தில் பெண்களுக்கு மட்டும் கதவு சாத்தியிருந்தது.

சாத்திய கதவுக்கு வெளியேயும் ஆட்டம் நடந்தது என்பதுதான் முக்கியம். 1970இல் இத்தாலியில் ஒரு மதுபான நிறுவனத்தின் பணத்தில் பெண்களுக்கான உலகப் போட்டி நடந்தது. டென்மார்க் வென்றது. அடுத்த ஆண்டு மெக்சிகோவில். அஸ்டெகா மைதானத்தில் நடந்த இறுதி ஆட்டத்தைப் பார்த்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். டென்மார்க் 3-0 என்று மெக்சிகோவை வென்றது. மூன்று கோலையும் அடித்த சுசான் அகஸ்டெசனுக்கு அப்போது வயது 15. நம் ஊர்க் கணக்கில் பத்தாம் வகுப்புப் பெண். இந்த இரண்டு போட்டிகளையும் ஃபிஃபா இன்றுவரை உலகக் கோப்பை வரிசையில் சேர்க்கவில்லை. ஒரு லட்சம் பேர் கண்ணால் பார்த்தது ஏட்டில் இல்லை.

*

இனி நம் பக்கம் வருவோம்.

பெண்கள் கால்பந்து ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்குத் தாமதமாக வந்தது என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மை வேறு. கண்டம் முழுவதற்கும் பெண்கள் கால்பந்துக்கென்று தனி அமைப்பு 1968இலேயே ஹாங்காங்கில் பிறந்துவிட்டது. ஆசியப் பெண்கள் கால்பந்துக் கூட்டமைப்பு என்பது அதன் பெயர். ஹாங்காங், தைவான், மலேசியா, சிங்கப்பூர் ஆகியவை அதைத் தொடங்கி வைத்தன. தலைமை ஏற்றவர் வெரோனிகா சியூ என்ற பெண்மணி. இங்கிலாந்தில் அப்போது பெண்களுக்கு மைதானத் தடை நடப்பில் இருந்தது என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆண்கள் நடத்தும் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் கீழ் வராத அமைப்பு அது. அதனால் பணம் இல்லை, அங்கீகாரம் இல்லை. ஆனால் ஒரு சுதந்திரம் இருந்தது. 1974இல் தைவானை அரசியல் காரணத்துக்காக ஆண்கள் கூட்டமைப்பு வெளியேற்றியபோது, பெண்கள் அமைப்பு தைவானைத் தன்னோடு வைத்துக்கொண்டது. தைவான் பெண்கள் அணிக்கு முலான் என்று பெயர். ஆண் வேடத்தில் போருக்குப் போன சீன வீராங்கனையின் பெயர். அந்த முலானை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கதையில் அது திரும்பத் திரும்ப வரப்போகிறது.

1975 ஆகஸ்ட் இறுதியில் ஹாங்காங்கில் முதல் ஆசியப் பெண்கள் சாம்பியன்ஷிப் நடந்தது. நியூசிலாந்து வந்து, இறுதி ஆட்டத்தில் தாய்லாந்தை 3-1 என்று வென்று கோப்பையை எடுத்துப் போனது. 1977இல் தைவானில் இரண்டாவது போட்டி. இந்த முறை தைவான் தாய்லாந்தை வென்றது.

இந்தியா இந்த இரண்டிலும் இல்லை. ஆனால் 1975இல் லக்னோவில் ஒரு காரியம் நடந்தது. இந்தியப் பெண்கள் கால்பந்து சம்மேளனம் தொடங்கப்பட்டது. மாநிலங்களுக்கு இடையிலான முதல் போட்டியும் அந்த ஆண்டே நடந்தது. இதுவும் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்துக்கு வெளியே நின்ற அமைப்புதான். பயிற்சியாளராக வந்தவர் சுஷில் பட்டாச்சார்யா. கொல்கத்தா ஈஸ்ட் பெங்கால் கிளப்பின் முதல் பயிற்சியாளர் அவர். ஆண்கள் கால்பந்தில் அத்தனை பெயர் எடுத்த மனிதர் பெண்களுக்குப் பந்தைப் பழக்க வந்தார் என்பதை நாம் மரியாதையோடு நினைக்க வேண்டும். வங்காளம் அந்த ஆண்டுகளின் பலமான மாநிலம். சாந்தி மல்லிக்கும் குந்தளா கோஷ் தஸ்திதாரும் அங்கிருந்து வந்தவர்கள். கோவாவிலிருந்து யோலாண்டா டிசோசா. பெங்களூரிலிருந்து சித்ரா கங்காதரன். கேரளத்திலிருந்து ஓமனகுமாரி.

இந்தப் பெயர்களில் எத்தனை உங்களுக்குத் தெரியும்? எனக்கு, இதை எழுத உட்காரும்வரை, ஒன்றுகூடத் தெரியாது. இதே ஆண்டுகளில் கவாஸ்கர் அடித்த சதங்களை நான் வரிசையாகச் சொல்வேன்.

*

மூன்றாவது ஆசியப் போட்டியை நடத்தும் பொறுப்பு இந்தியாவுக்கு வந்தது. ஏட்டில் அது 1979ஆம் ஆண்டுப் போட்டி. ஆட்டங்கள் நடந்தது 1980 ஜனவரியில். இடம் டெல்லி இல்லை, கொல்கத்தாவும் இல்லை. கோழிக்கோடு.

கோழிக்கோட்டைத் தேர்ந்தெடுத்ததில் ஆச்சரியம் இல்லை. மலபாருக்குப் பந்து என்றால் அது கால்பந்துதான். 1952 முதல் சேட் நாக்ஜி கோப்பை நடந்த ஊர். அறுவடை முடிந்த வயலில் ஏழு பேர் ஆட்டத்துக்கே ஆயிரக்கணக்கில் கூடும் சனம் அங்கே. ஆடுவது யார் என்று பார்ப்பதற்கு முன்னால் பாஸ் சரியாகப் போகிறதா என்று பார்க்கும் ஊர்.

தாம்பரத்தில் உட்கார்ந்து இதை எழுதும்போது ஒன்று தோன்றுகிறது. இங்கிருந்து மங்களூரு ரயிலில் ஏறினால் திருச்சி, கோவை, பாலக்காடு, சொரணூர் தாண்டிக் கோழிக்கோட்டில் இறங்கிவிடலாம். வண்டி மாற வேண்டாம். நம்மிடமிருந்து ஒரு ரயில் தூரத்தில் ஒரு கண்டத்தின் சாம்பியன்ஷிப் நடந்திருக்கிறது. அதைப் பற்றி ஒரு வரிகூடப் படிக்காமல் நானும் என் தலைமுறையும் வளர்ந்திருக்கிறோம்.

போட்டியை நடத்திய இந்தியா இரண்டு அணிகளை இறக்கியது. வடக்குக்கு ஒன்று, தெற்குக்கு ஒன்று. ஹாங்காங் வந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து மேற்கு ஆஸ்திரேலியா என்ற மாகாண அணி வந்தது. முலான்கள் வந்தார்கள், நடப்புச் சாம்பியன்களாக.

இறுதி ஆட்டத்துக்கு வந்தது இந்தியாவின் தெற்கு அணி. எதிரே தைவான். 2-0 என்று தைவான் வென்றது.

தோற்றோம், சரி. ஆனால் அமைப்பு தொடங்கி ஐந்தாவது ஆண்டில், அரசின் கவனமோ தேசியச் சம்மேளனத்தின் ஆதரவோ இல்லாமல், இந்தியப் பெண்கள் ஆசியாவில் இரண்டாம் இடம் பிடித்தார்கள். இந்திய ஆண்கள் அணி ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம் வந்தது ஒரே ஒரு முறை, 1964இல். அதைக் கால்பந்து ஆர்வலர் எல்லோரும் சொல்வார்கள். பெண்கள் வந்ததைச் சொல்ல ஆள் இல்லை.

பெண்கள் அந்த இடத்துக்கு ஒரு முறை மட்டும் வரவில்லை. 1981இல் ஹாங்காங்கில் நடந்த அடுத்த போட்டியில் மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் ஹாங்காங்கை அதன் சொந்த மண்ணில் 2-0 என்று வென்றார்கள். 1983இல் தாய்லாந்தில் மறுபடியும் இறுதி ஆட்டம். தாய்லாந்து 3-0 என்று வென்றது. நான்கு ஆண்டுகளுக்குள் மூன்று போட்டி. இரண்டாம் இடம், மூன்றாம் இடம், மறுபடி இரண்டாம் இடம். அந்த ஆண்டே சாந்தி மல்லிக்குக்கு அர்ஜுனா விருது கிடைத்தது. கால்பந்துக்காக அர்ஜுனா வாங்கிய முதல் பெண் அவர்.

அடுத்து ஒரு பெண் கால்பந்து வீரர் அந்த விருதை வாங்கியது 2017இல். மணிப்பூரின் ஓய்னாம் பெம்பெம் தேவி. இடையில் 34 ஆண்டுகள். சாந்தி மல்லிக் விருது வாங்கிய வருஷம் பிறந்த குழந்தை வளர்ந்து, ஆடி, ஓய்வும் பெற்றுவிடக்கூடிய காலம் அது.

*

என்ன ஆயிற்று?

1986இல் ஆசியப் பெண்கள் அமைப்பு ஆண்கள் நடத்தும் பெரிய கூட்டமைப்போடு இணைந்தது. அதே ஆண்டு மெக்சிகோவில் நடந்த ஃபிஃபா மாநாட்டில் நார்வேயின் எலன் வில்லே எழுந்து நின்று, பெண்களுக்கு உலகக் கோப்பை வேண்டும் என்று கேட்டார். ஆண்கள் நிறைந்த சபையில் ஒரு பெண் எழுப்பிய குரல் அது. இரண்டு ஆண்டுகளில் சீனாவில் ஒரு சோதனைப் போட்டி. 1991இல் முதல் அதிகாரப்பூர்வ உலகக் கோப்பை. இந்தியாவிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பெண்கள் கால்பந்து அகில இந்தியச் சம்மேளனத்தின் குடைக்குள் வந்தது.

குடைக்குள் வந்ததில் நன்மை உண்டு. ஆனால் பெரிய வீட்டுக்குள் போகும்போது பழைய வீட்டின் பெட்டிகளை யாரும் தூக்கி வரவில்லை. லக்னோவில் தொடங்கிய பதினைந்து ஆண்டுக் கதை, ஆட்டங்கள், கோல்கள், ஆடியவர்களின் பெயர்கள் எல்லாம் வாசலிலேயே நின்றுவிட்டன. 1991இல் நடந்த தேசியப் போட்டி முதல் போட்டி என்று எண்ணப்பட்டது. எண் ஒன்றிலிருந்து மறுபடி ஆரம்பித்தது. ஏற்கெனவே ஆசியாவில் இரண்டாம் இடம் பிடித்திருந்த ஒரு நாடு, இப்போதுதான் பந்தைத் தொடுவதுபோல நடந்துகொண்டது.

இதனால் நேர்ந்த இழப்பு வெறும் புள்ளிவிவரத்தில் இல்லை. சீனாவும் ஜப்பானும் எண்பதுகளில் பள்ளியிலும் ஆலையிலும் பெண்கள் அணிகளை வளர்த்தன. நம்மிடமோ, ஆடியவர்கள் பூட்ஸைக் கழற்றி வைத்த பிறகு அவர்களின் அனுபவத்தை வாங்கிக்கொள்ள ஏற்பாடு இல்லை. ஹாங்காங் மழையில் ஆடியவளும், தைவானின் டிஃபன்ஸை நேருக்கு நேர் பார்த்தவளும் கோச் ஆகி அடுத்த தலைமுறையின் காலைத் திருத்தியிருக்க வேண்டும். ஆட்டம் கை மாறிக் கை மாறித்தான் வளரும். நம் வீட்டில் வடகம் பிழிவதும் அப்படித்தானே? பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து பதம் காட்டாவிட்டால் புத்தகத்தைப் பார்த்து எத்தனை முறை கிண்டினாலும் கூழ் அந்தப் பதத்துக்கு வராது.

*

தமிழ்நாட்டுக்கு வருகிறேன்.

1991க்குப் பிந்தைய தேசியப் போட்டியின் வரலாறு பெரும்பாலும் மணிப்பூரின் வரலாறு. இருபதுக்கும் மேற்பட்ட முறை கோப்பை அங்கே போயிருக்கிறது. அந்த மணிப்பூரை 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் நடந்த இறுதி ஆட்டத்தில் 2-1 என்று வென்று தமிழ்நாட்டுப் பெண்கள் முதல் முறையாகத் தேசியச் சாம்பியன் ஆனார்கள். அடுத்த ஆண்டு மே மாதம் மதுரையின் சேது எஃப்.சி. லூதியானாவில் மணிப்பூர் போலீஸை 3-1 என்று வென்று இந்தியப் பெண்கள் லீக்கை எடுத்தது. 2023 ஜூனில் அமிர்தசரஸில் ஹரியானாவை 2-1 என்று வென்று தமிழ்நாடு மறுபடி தேசியச் சாம்பியன்.

இந்த வெற்றிகளின் வேர் பெரிய ஸ்டேடியங்களில் இல்லை. கடலூர் போன்ற ஊர்களில் இருக்கிறது. இந்திய அணியின் நடுக்களத்தில் ஆண்டுக்கணக்கில் ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர்ப் பெண். முன்வரிசையில் ஆடும் சந்தியா ரங்கநாதனும் அந்த மாவட்டம்தான். அங்கே மாரியப்பன் என்ற பயிற்சியாளர் உழைத்து வளர்த்த இந்திரா காந்தி அகாடமி இந்தியப் பெண்கள் லீக் வரை போய் ஆடியது. தாம்பரத்திலிருந்து விழுப்புரம் வழியாக நாலு மணி நேரம். அதுவும் ஒரு ரயில் தூரம்தான்.

இந்துமதி தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். 2020 ஊரடங்கில் நாம் எல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தபோது, முகக்கவசத்தோடு சென்னைத் தெருவில் பணியில் நின்றவர். ஸ்போர்ட்ஸ் கோட்டா என்ற சொல்லைச் சிலர் இளப்பமாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். பந்து ஆடும் ஏழைப் பெண்ணின் வீட்டில் அந்தச் சொல்லுக்கு என்ன எடை என்பதை அந்த வீட்டுப் படியேறிப் பார்த்தால்தான் தெரியும். "இதை ஆடி என்னடி ஆகப்போகுது?" என்ற கேள்விக்கு அவளிடம் உள்ள ஒரே பதில் அதுதான். ரயில்வே, போலீஸ், ஒரு மாதச் சம்பளம்.

*

இந்தக் கதையில் முலான் திரும்ப வரும் என்றேன்.

2022 ஜனவரியில் ஆசியக் கோப்பை மறுபடி இந்தியாவுக்கு வந்தது. கோழிக்கோட்டுக்குப் பிறகு 42 ஆண்டுகள். மும்பை, நவி மும்பை, புனே. இந்துமதி உட்படத் தமிழ்நாட்டுப் பெண்கள் அணியில் இருந்தார்கள். முதல் ஆட்டம் ஈரானோடு கோலில்லாமல் சமன். இரண்டாவது ஆட்டம் ஜனவரி 23 அன்று, சீன தைபேயுடன். விளையாட்டுக் களத்தில் தைவானுக்கு இன்று அந்தப் பெயர்தான். 1980இல் நம்மை இறுதி ஆட்டத்தில் வென்ற அதே முலான்கள்.

அந்த ஆட்டம் நடக்கவே இல்லை. அணிக்குள் கொரோனா புகுந்து, விதிப்படி தேவையான 13 பேரைக்கூட நிறுத்த முடியவில்லை. சொந்த மண்ணில், சொந்தப் போட்டியிலிருந்து இந்தியா விலகியதாக அறிவிக்கப்பட்டது. அன்று அந்தப் பிள்ளைகள் ஹோட்டல் அறைகளில் தனித்தனியாகப் பூட்டிக் கிடந்ததை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது. உலகக் கோப்பைக்குப் போகும் வழியும் அந்தப் போட்டியில்தான் இருந்தது.

மூன்று ஆண்டுகள் போயின. 2025 ஜூலை 5, தாய்லாந்தின் சியாங் மாய். 2026 ஆசியக் கோப்பைக்கான தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம். வென்றால் ஆஸ்திரேலியாவுக்குப் பயணம். எதிரே தாய்லாந்து, 1983இல் இறுதி ஆட்டத்தில் நம்மை 3-0 என்று வென்ற நாடு, அதே சொந்த மண்ணில். வங்காளத்தின் சங்கீதா பாஸ்ஃபோர் இரண்டு கோல் அடித்தார். இந்தியா 2-1 என்று வென்றது. தகுதிச் சுற்று ஆடி ஆசியக் கோப்பைக்குள் இந்தியப் பெண்கள் நுழைந்தது அதுவே முதல் முறை.

அந்த மாதக் கடைசியில் குலுக்கல் நடந்தது. இந்தியாவின் பிரிவில் ஜப்பான், வியட்நாம், சீன தைபே என்று வந்தது.

செய்தியைப் படித்தபோது சீன தைபே என்ற பெயரில் என் கண் நின்றது. எல்லாருக்கும் அது ஒரு எதிரணியின் பெயர். கோழிக்கோட்டை அறிந்தவர்களுக்கு அது நாற்பத்தைந்து ஆண்டுக் கணக்கு. அந்த ஆண்டு களத்தில் நின்ற பெண்கள் இன்று பாட்டிகள். டிவியில் அந்தப் பெயர் ஓடும்போது, எங்கோ கொல்கத்தாவிலும் கோவாவிலும் கேரளத்திலும் சில வீடுகளில் ஒரு கை ரிமோட்டை அழுத்தாமல் நின்றிருக்கும் என்று நம்புகிறேன்.

முன்னோடி என்ற சொல்லை நாம் தாராளமாகக் கொடுக்கிறோம். ஜெயிக்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் "முதல் பெண்" என்று ஒரு பட்டம் சூட்டுகிறோம். சூட்டுவதற்கு முன் ஒரு முறை திரும்பிப் பார்க்க வேண்டும். ஒருத்தியை முதல் ஆள் என்று தவறாகச் சொல்லும்போது, அவளுக்கு முன்னால் ஓடியவளைக் களத்திலிருந்து இரண்டாவது முறை வெளியேற்றுகிறோம். அதோடு, இப்போது ஆடுகிறவளின் தோளில் தேவையில்லாத ஒரு பாரத்தையும் ஏற்றுகிறோம். முதல் ஆள் தோற்றால் "பொண்ணுங்களுக்கு இது சரிப்படாது" என்று ஆகிவிடும். நூற்று நாற்பது ஆண்டு வரிசையில் அவளும் ஒருத்தி என்று தெரிந்தால், அவள் ஒரு மேட்ச் தோற்கலாம். அடுத்த மேட்ச் ஆடலாம். அந்தச் சுதந்திரத்தைக் கொடுப்பது வரலாறுதான்.

*

இந்த வாரம் மறுபடி ரயில்வே கிரவுண்டுக்குப் போனேன். கையில் ஒரு காகிதம். லக்னோ 1975, கோழிக்கோடு 1980, ஹாங்காங் 1981, தாய்லாந்து 1983 என்று நாலு வரி. கீழே சாந்தி மல்லிக், குந்தளா கோஷ் தஸ்திதார், யோலாண்டா டிசோசா, சித்ரா கங்காதரன், ஓமனகுமாரி என்று ஐந்து பெயர். பெரிய எழுத்தில் தமிழில் எழுதியிருந்தேன்.

அட்டை ஷின் கார்டு பெண் அன்றும் வந்திருந்தாள். காகிதத்தை வாங்கி, உதடு அசைய ஒவ்வொன்றாகப் படித்தாள். கோழிக்கோடு வந்ததும் நிறுத்தினாள்.

"இங்க நம்ம இந்தியா ஃபைனல் ஆடுச்சா சார்?"

"ஆடுச்சு. ரெண்டு கோல்ல தோத்தாங்க."

கொஞ்சம் யோசித்தாள்.

"கோல் கீப்பர் யாரு?"

எனக்குத் தெரியவில்லை. கால்பந்து ஆடுகிறவள் கேட்கும் கேள்வி அது. நான் வருஷத்தையும் ஸ்கோரையும் தேடிக்கொண்டிருந்தேன். அவளோ அந்த இரண்டு கோலை வாங்கியவளைத் தேடினாள். கண்டுபிடித்துச் சொல்கிறேன் என்று ஒத்துக்கொண்டேன். அவள் காகிதத்தை நான்காக மடித்தாள். பையில் வைப்பாள் என்று நினைத்தேன். சாக்ஸை இறக்கி, அட்டைக்கும் காலுக்கும் நடுவில் செருகிக்கொண்டு, மேலே இரண்டு தட்டு தட்டிவிட்டு ஓடினாள். மணி ஆறு ஐந்து. கிரிக்கெட் பையன்கள் வர இன்னும் இருபத்தைந்து நிமிஷம் இருந்தது.

(அடுத்த வாரம்: 1991, குவாங்சோ. தொண்ணூறு நிமிஷம் பெண்களால் தாங்க முடியாது என்று எண்பது நிமிஷமாகக் குறைக்கப்பட்ட முதல் உலகக் கோப்பை.)